வங்கிக் கணக்கு நின்றுபோனால் என்ன செய்வது? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏடிஎம்மில் பணம் வரவில்லை. ஜிபே போகவில்லை. கிளைக்குப் போனால் "சிஸ்டத்துல லாக் ஆயிருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் நின்றது அம்மாவின் நூறு நாள் வேலைக் கணக்கு. அது சரியாகி மூச்சு விடுவதற்குள், ராயக்கோட்டையில் தக்காளி வியாபாரம் பார்க்கும் மச்சானின் கணக்கும் நின்றது. இரண்டுக்கும் காரணம் வேறு, போக வேண்டிய இடம் வேறு, கொடுக்க வேண்டிய காகிதமும் வேறு. ஆனால் கவுன்டரில் இரண்டு பேருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "ஆதாரை அப்டேட் பண்ணிட்டு வாங்க." மச்சானின் பிரச்சினைக்கும் ஆதாருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கை நிறுத்தியது யார் என்று தெரியாமல் ஒரு செராக்ஸ்கூட எடுக்காதீர்கள்.

1. நிறுத்தியது யார், எதற்காக என்று எழுதிக் கேளுங்கள்

கணக்கு நிற்பதில் பல வகை உண்டு. பணம் வரும், ஆனால் எடுக்க முடியாது என்றால் அது டெபிட் ஃப்ரீஸ். வருவதும் போவதும் நின்றால் முழு ஃப்ரீஸ். ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் பிடித்து வைத்திருந்தால் லீன் அல்லது ஹோல்ட் என்பார்கள். உங்களுடையது இதில் எது என்பதை முதலில் கேளுங்கள். அடுத்து, நிறுத்தியது வங்கியேவா, போலீஸா, வருமான வரி அல்லது ஜிஎஸ்டி அலுவலகமா, நீதிமன்றமா என்று கேளுங்கள். இது கவுன்டரில் இருப்பவரின் திரையிலேயே தெரியும். "தெரியலைங்க" என்றால் மேலாளரிடம் போங்கள்.

வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். அது பின்னால் எதற்கும் உதவாது. ஒரு வெள்ளைத்தாளில் இவ்வளவு எழுதினால் போதும்:

"மேலாளர் அவர்களுக்கு, என் சேமிப்புக் கணக்கில் (கடைசி நான்கு எண்கள் ....) .... தேதி முதல் பணம் எடுக்க முடியவில்லை. கணக்கு எந்த அதிகாரியின் உத்தரவால், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக, எவ்வளவு தொகைக்கு நிறுத்தப்பட்டது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும். உத்தரவு நகல் இருந்தால் தரவும். நான் கொடுக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலையும் தரவும்."

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மாட்டோம் என்றால் சண்டை வேண்டாம். அதே கடிதத்தைக் கிளையின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் ரிசர்வ் வங்கிக்குப் போக நேர்ந்தால், முதலில் வங்கியிடம் கேட்டீர்கள் என்பதற்கு இதுதான் சான்று.

மாதத்தின் முதல் வாரம் போகாதீர்கள். பென்ஷன் கூட்டத்தில் யாருக்கும் உங்கள் பேச்சைக் கேட்க நேரம் இருக்காது. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை போன்ற ஊர்களில் சந்தை நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

2. கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) பாக்கி என்றால்

பெரும்பாலான கணக்குகள் நிற்பது இதனால்தான். நல்லவேளையாக, சரிசெய்ய எளிதானதும் இதுதான். சாதாரண, அதாவது குறைந்த ஆபத்து வகைக் கணக்குக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை, நடுத்தர ஆபத்து என்று வகைப்படுத்தியதற்கு 8 ஆண்டுக்கு ஒருமுறை, அதிக ஆபத்து என்றால் 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. புதுப்பிக்க வேண்டிய நாள் வருவதற்கு முன் குறைந்தது மூன்று முறை வங்கி தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும். நாள் கடந்த பின்னும் மூன்று நினைவூட்டல் உண்டு. இதை 2025 ஜூனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். குறைந்த ஆபத்து வகையில் இருப்பவர்களுக்கு, நாள் கடந்து ஓராண்டு வரையோ 2026 ஜூன் 30 வரையோ, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை கணக்கை ஓட விட வேண்டும் என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. அம்மாவுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. "எந்தத் தேதியில் கடிதம் அனுப்பினீர்கள்?" என்று எழுதிக் கேட்ட பிறகுதான் கிளையில் பேச்சின் தொனி மாறியது.

கொடுக்க வேண்டியது: ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், அரசு அலுவலர் கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று. கூடவே பான், அது இல்லாவிட்டால் பான் இல்லை என்று சொல்லும் உறுதிமொழிப் படிவம் (ஃபார்ம் 60 என்பார்கள்). ஒரு புகைப்படம். ரேஷன் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிவிட்டோம், இங்கே அது செல்லாது.

முகவரி, பெயர் எதுவும் மாறவில்லையா? அப்படியானால் "மாற்றம் இல்லை" என்று ஒரு சுய உறுதிமொழி போதும். அதைப் பதிவு செய்த செல்போன் எண், மின்னஞ்சல், நெட் பேங்கிங் வழியாகவும் கொடுக்கலாம். கணக்கு பென்னாகரத்தில் இருந்து நீங்கள் ஓசூரில் வேலை பார்த்தாலும், அதே வங்கியின் எந்தக் கிளையிலும் புதுப்பிக்கலாம். "ஹோம் பிராஞ்சுக்குத்தான் போகணும்" என்று சொன்னால் நம்பிப் பஸ் ஏறாதீர்கள். ஊரிலேயே இருக்கும் வங்கி முகவரிடம், அதாவது நாம் மினி பேங்க் என்று சொல்லும் இடத்திலும் கொடுக்கலாம் என்று இப்போது விதி வந்திருக்கிறது.

பெயர்ப் பொருத்தமின்மைதான் இதில் பெரிய பொறி. பாஸ்புக்கில் முனியம்மா, ஆதாரில் முனியம்மாள். பாஸ்புக்கில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். உடனே இ-சேவை மையத்துக்கு ஓடி ஆதாரை மாற்றாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு முறைதான். அந்த வாய்ப்பை ஒரு 'ள்'-க்காக வீணாக்க வேண்டாம். ஆதார் நகலை வைத்து வங்கிப் பதிவில் பெயரைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதற்குச் செலவு இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியவர்கள் பழைய பெயரில் உள்ள அட்டையோடு பதிவுத் துறை தந்த திருமணச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுத்தால் ஏற்க வேண்டும்.

ஆதாரில் செல்போன் எண் பழையது, ஓடிபி வரவில்லை என்றால் மட்டும் ஆதார் மையத்துக்குப் போங்கள். எண் மாற்ற 75 ரூபாய், கைரேகை புதுப்பிக்க 125 ரூபாய். இது 2025 அக்டோபரிலிருந்து உள்ள கட்டணம். கல் உடைக்கிற கை, புளி கொட்டை எடுக்கிற கை, சிமென்ட் கலக்கிற கை என்றால் ரேகை விழாமல் போகலாம். அப்போது இயந்திரத்தோடு மல்லுக்கட்டாமல், ஆதார் நகலைக் காகிதமாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வங்கிக்கே வர முடியாத முதியவர்களா? 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கு வந்து சேவை தர வேண்டும் என்ற அறிவுரை 2017 முதல் இருக்கிறது. எழுதிக் கேளுங்கள்.

கேஒய்சிக்கு வங்கி ஒரு பைசா வாங்கக் கூடாது. "உங்கள் கேஒய்சி இன்றோடு முடிகிறது" என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (செல்போனில் செயலியை ஏற்றும் கோப்பு) வந்தால் அது திருட்டு. தொட்டால் போனது பணம்.

3. இரண்டு ஆண்டாகத் தொடாத கணக்கு என்றால்

நீங்களாகப் பணம் போடாமலும் எடுக்காமலும் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனால் கணக்கு செயலற்றதாகிவிடும். டார்மண்ட் என்பார்கள். கேஒய்சியோடு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மூன்று வேலை நாளுக்குள் திறக்க வேண்டும். திறக்கக் கட்டணம் கிடையாது. செயலற்று இருந்த காலத்துக்கு மினிமம் பேலன்ஸ் அபராதமும் போடக் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. அரசு உதவித்தொகை, மாணவர் கல்வி உதவித்தொகைக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்குகளை இப்படிச் செயலற்றதாக்கவே கூடாது.

பத்து ஆண்டு ஆகியிருந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும். பயப்பட வேண்டாம், அதே கிளையில் கேட்டால் வட்டியோடு திரும்பும். தாத்தா பெயரில் எந்த வங்கியில் பணம் கிடக்கிறது என்று தேட உத்கம் என்ற ரிசர்வ் வங்கித் தளம் இருக்கிறது.

4. சைபர் கிரைம் போலீஸ் நிறுத்தியிருந்தால்

இதுதான் முள் பாதை. பொறுமையாகப் படியுங்கள்.

மச்சான் கதை இதுதான். யாரோ ஒருவர் மண்டியில் தக்காளி வாங்கி க்யூஆர் ஸ்கேன் பண்ணிப் பணம் போட்டார். அந்தப் பணம் வேறு மாநிலத்தில் எவரிடமோ ஏமாற்றிப் பறித்தது. ஏமாந்தவர் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் புகார் கொடுத்தார். பணம் போன வழியெல்லாம் தேடி, கைமாறிய ஒவ்வொரு கணக்கையும் நிறுத்தினார்கள். சரக்கு விற்ற மச்சானும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. ஓசூர் பூ வியாபாரி, போச்சம்பள்ளி சந்தைக் கடைக்காரர், பெங்களூரில் கூலி வாங்கும் கொத்தனார், யாருக்கும் இது நடக்கலாம்.

முதலில் வங்கியிடம் வாங்க வேண்டியவை: தேசிய சைபர் கிரைம் தளத்தின் புகார் எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், அவர்களின் மின்னஞ்சல், சர்ச்சைக்குரிய தொகை, அந்தப் பரிவர்த்தனையின் யுடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி அடையாள எண்). இவை வங்கியிடம் கட்டாயம் இருக்கும். இவை இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது.

அடுத்து அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நகல் வங்கிக்கும் போகட்டும். அடையாள அட்டை, ஆறு மாத ஸ்டேட்மென்ட், அந்தப் பணம் எந்தச் சரக்குக்கு வந்தது என்பதற்கு மண்டிச் சீட்டு அல்லது பில், வாங்கியவரோடு பேசிய வாட்ஸ்அப் பதிவு, இவற்றை இணையுங்கள். "சர்ச்சைத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மீதியை இயக்க வங்கிக்கு எழுதுங்கள்" என்று கேளுங்கள். முழுவதையும் விடுவிக்கக் கேட்டால் இழுத்தடிப்பார்கள், தொகையை மட்டும் பிடிக்கச் சொன்னால் சீக்கிரம் அசைவார்கள் என்பது என் அனுபவம். 3,000 ரூபாய்க்காக மொத்தக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்ற வாதத்துக்கு நீதிமன்றப் பலமும் உண்டு. 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில், சர்ச்சைத் தொகை அளவுக்கு இருப்பை வைத்துக்கொண்டு கணக்கை இயக்க அனுமதித்தது.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. வேறு மாநில வழக்கில் அவர்களால் கணக்கைத் திறக்க முடியாது. ஆனால் அந்த ஊர் அதிகாரியோடு பேச உதவி கேட்கலாம். மொழி தெரியாமல் தெலுங்கிலும் இந்தியிலும் திண்டாடுவதை விட அது மேல்.

மின்னஞ்சலுக்கு அசையவில்லை என்றால் நீதிமன்றம்தான். கணக்கைப் போலீஸ் நிறுத்துவது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின் கீழ் நடக்கிறது. நிறுத்தியதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே சட்டத்தின் 503-ஆம் பிரிவில் விடுவிக்கக் கோரி மனு போடலாம். அது பெரும்பாலும் வழக்கு உள்ள ஊரில் போட வேண்டியிருக்கும். சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் போடுவது இன்னொரு வழி. நம் இரண்டு மாவட்டமும் சென்னை அமர்வின் கீழ்தான் வருகின்றன, மதுரை இல்லை. வக்கீல் கட்டணம் பயமாக இருந்தால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம்.

செய்யக் கூடாதவை. "கணக்கைத் திறந்து தருகிறேன்" என்று கமிஷன் கேட்கும் ஆளிடம் போகாதீர்கள். புகார் கொடுத்தவர் என்று போனில் வருபவருக்கு நேரடியாகப் பணம் திருப்பி அனுப்பாதீர்கள். அது கணக்கிலும் சேராது, வழக்கிலும் சேராது. இன்னொன்று, இளவட்டங்களுக்கு: மாதம் இவ்வளவு தருகிறேன், பாஸ்புக்கையும் சிம்மையும் கொடு என்று கேட்பவனிடம் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. நேராக வக்கீலைப் பாருங்கள்.

5. கடனுக்காகப் பிடித்திருந்தால்

உங்கள் கடனா, நீங்கள் ஜாமீன் போட்ட கடனா, எவ்வளவு பாக்கி, நோட்டீஸ் எப்போது அனுப்பப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். அரசு ஓய்வூதியத்தைக் கடன் கொடுத்தவருக்காக நீதிமன்றமே ஜப்தி செய்ய முடியாது என்று 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் சொல்கிறது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயைப் பழைய பாக்கிக்கு எடுத்துக்கொண்டால் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். 2023-ல் திட்டம் தொடங்கியபோதே அப்படி எடுக்கக் கூடாது என்று மாநில அரசு வங்கிகளை எச்சரித்தது. மினிமம் பேலன்ஸ் அபராதம்தான் பணத்தைத் தின்கிறது என்றால், கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதற்கு மினிமம் பேலன்ஸ் இல்லை, மாதம் நான்கு முறை இலவசமாக எடுக்கலாம்.

6. புதுக் கணக்கே தர மறுத்தால்

ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவர்களிடம் வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். வீட்டுக்காரர் தர மாட்டார். ஆதார் கைரேகை அல்லது ஓடிபி வழியே கணக்குத் திறந்தால், இப்போதைய முகவரிக்குச் சுய உறுதிமொழியே போதும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களில் எந்த அட்டையும் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. அதிகாரி முன் கையெழுத்தோ கைநாட்டோ போட்டு, புகைப்படம் கொடுத்துச் சிறு கணக்குத் திறக்கலாம். இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, ஆண்டு வரவு ஒரு லட்சம், மாதம் எடுப்பது 10,000 வரை. பன்னிரண்டு மாதத்துக்குள் அட்டைக்கு விண்ணப்பித்ததற்கு ஆதாரம் காட்டினால் இன்னும் பன்னிரண்டு மாதம் நீளும்.

7. அதுவரை கூலிப் பணம் எங்கே வரும்?

இதை யாரும் சொல்வதில்லை. நூறு நாள் கூலி போன்ற ஆதார் வழிப் பணம், ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் போகும். நின்ற கணக்கு சரியாக நாளாகும் என்று தெரிந்தால், போஸ்ட்மேன் வழியாக அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கியில் ஒரு கணக்குத் திறந்து, அதில் ஆதார் இணைப்பு வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கணக்கு மட்டும் திறக்கும், பணம் பழைய இடத்துக்கே போகும். எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் தளத்தில் ஓடிபி போட்டுப் பார்க்கலாம். முதலாளி நேராகக் கணக்கு எண்ணுக்குப் போடும் சம்பளத்துக்கு இது பொருந்தாது. அவரிடம் புது எண்ணைக் கொடுக்க வேண்டும்.

8. கிளை அசையவில்லை என்றால்

வங்கியின் தளத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். 30 நாள் காத்திருங்கள். பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மன், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி. சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் என்ற தளத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள புகார் மையத்துக்குத் தபாலும் போடலாம். சந்தேகத்துக்கு 14448. கட்டணம் இல்லை. முப்பது நாள் முடிந்ததும் தள்ளிப்போடாமல் பதியுங்கள்.

மூன்று காரணங்களால் புகார் தள்ளுபடியாகும். வங்கியிடம் முதலில் எழுத்தில் கேட்காமல் போவது. வக்கீல் மூலம் அனுப்புவது, நீங்களே உங்கள் பெயரில் அனுப்ப வேண்டும். போலீஸ் அல்லது வரித்துறை உத்தரவால் நின்ற கணக்குக்கு ஒம்புட்ஸ்மனிடம் போவது, அது அவர்கள் வரம்பிலேயே இல்லை. மூன்றாவதில்தான் நிறையப் பேர் மாதக்கணக்கை இழக்கிறார்கள்.

இதற்கிடையில் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் ஒரு மனு போடுங்கள். இரண்டு மாவட்டத்துக்கும் முன்னோடி வங்கி, அதாவது மாவட்டத்தின் எல்லா வங்கிகளையும் ஒருங்கிணைக்கும் வங்கி, இந்தியன் வங்கி. அதன் முன்னோடி வங்கி மேலாளருக்கு மனு போகும். வேறு எந்த வங்கியின் கிளையாக இருந்தாலும் அவர் பேச முடியும். உத்தரவு போட முடியாது என்றாலும், கேஒய்சி போன்ற சின்ன இழுபறிக்கு ஒம்புட்ஸ்மனை விட இது வேகம். பொதுத்துறை வங்கி என்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமை மனுவும் போடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். உத்தரவு நகலைத் தராமல் மழுப்பும் கிளைக்கு இது நன்றாக வேலை செய்யும்.

9. திறந்த அன்றே பார்க்க வேண்டியவை

மெசேஜை நம்பி வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். கிளையிலேயே நூறு ரூபாய் எடுத்துப் பாருங்கள். ஏடிஎம், யுபிஐ இரண்டும் தனியாகத் திறக்க வேண்டியிருக்கலாம், அதையும் அங்கேயே முடியுங்கள். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, நின்றிருந்த காலத்தில் என்னென்ன பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மகளிர் குழுக் கடன் தவணை, வண்டித் தவணை, இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் பவுன்ஸ் ஆகி அதற்கும் அபராதம் விழுந்திருக்கும். வங்கியே தவறாக நிறுத்தியது என்றால், அந்த அபராதத்தைத் திருப்பித் தரச் சொல்லி அன்றைக்கே ஒரு கடிதம் கொடுங்கள், சீலோடு. இன்சூரன்ஸ் பாலிசி காலாவதி ஆகியிருந்தால் அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் கெடு உண்டு, அதனால் முதலில் அந்த அலுவலகத்துக்குப் போங்கள்.